கடைசிச் சொல்லின் ஆதாரம்

காலையில் எழுந்ததும் அவன் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவான். கட்டில் மாமியாருக்கு, கூடத்துப் பாய் அவனுக்கு. பல் தேய்ப்பான். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து வந்து, மூலையைக் கத்தரித்து, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்ற வைப்பான். அதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகர மாட்டான். போன் அடித்தால் அடித்துக்கொண்டே கிடக்கும். வாசல் மணி அடித்தால் மாமியார்தான் போகவேண்டும். பாலின் மேல் மெல்லிய ஆடை படியும். ஓரத்தில் நுரை சேரும். நடுவில் எழும்பும். எழும்பும்போது அணைப்பான். பிறகு குளிக்கப் போவான்.

"பால் என்ன, எழுந்து ஓடியா போயிடும் மாப்பிள்ளை?" என்று மாமியார் ஒருநாள் கேட்டார்.

அவன் பாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

மகள் உயிரோடு இருந்தவரை இந்த மாமியார் இந்த வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அன்று காலை போனில், "இனிமே நீ என் பொண்ணே இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தவர். அதற்குப் பிறகு மகள் பல தடவை கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் மகளும் விட்டுவிட்டாள். "அவங்களுக்கு இருக்கற வீம்பு எனக்கு இருக்காதா?" என்றாள். பிறகு சாவு வந்து கதவைத் திறந்துவிட்டது. தலைக்குள் ஏதோ நரம்பு வெடித்ததாக டாக்டர் சொன்னார். துக்கத்துக்கு வந்த மாமியார் திரும்பிப் போகவில்லை. போங்கள் என்று அவனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அதற்கான தெம்பு இல்லை. ஒரே சமையலறையில் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்று குளித்துவிட்டு அவன் அலுவலகம் போனான். டயர் கடைக்கு மேல் மாடி. படிக்கட்டு முழுக்க ரப்பர் வாசனை. பாடநூல்களும் சின்ன அகராதிகளும் போடுகிற பதிப்பகம் அது. முதலாளி, பக்கம் கட்டுகிறவர், அவன். முன்பு அவளும் இருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டதே அங்கேதான், ஒரே மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக.

கடைசியாக அவர்கள் சேர்ந்து பார்த்த புத்தகம் ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பற்றியது. தினம் வாயில் புழங்குகிற சொற்கள்: சாலரி, விண்டோ, நைட்மேர் என்று. அவை எங்கிருந்து வந்தன, முன்பு என்ன பொருளில் இருந்தன என்று ஆளுக்குப் புரிகிற தமிழில் சொல்லவேண்டும். எழுதுவது அவன் வேலை. சரிபார்ப்பது அவள் வேலை. அவன் வாய்விட்டுப் படிப்பான். அவள் எதிரே தடித்தடியான அகராதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பாள். இந்தச் சங்கதியை முதலில் எழுதி வைத்தது யார், எந்தக் காலத்தில் என்று தேடுவாள். கிடைத்தால் பேசாமல் அடுத்ததற்குப் போவாள். கிடைக்காவிட்டால் பென்சிலை எடுத்து, ஓரத்தில் பொடி எழுத்தில் ‘கதை’ என்று எழுதுவாள். ‘கதை’ விழுந்தால் அந்தப் பத்தி போயிற்று.

சாலரிக்கு ‘கதை’ விழுந்தது. ரோமாபுரிச் சிப்பாய்களுக்குச் சம்பளமாக உப்பை அளந்து கொடுத்தார்கள் என்று அவன் ரசித்து எழுதியிருந்தான். சொல்லுக்குள் உப்பு இருப்பது உண்மை, சிப்பாய் கையில் உப்பு மூட்டையைக் கொடுத்ததற்குப் பழைய எழுத்து எதுவும் இல்லை என்று அடித்துவிட்டாள். சின்ஸியருக்கும் விழுந்தது. லத்தீனில் ‘மெழுகு இல்லாமல்’ என்று சொல்லைப் பிரித்து, சிலையில் விழுந்த விரிசலை மெழுகு வைத்து மறைக்காத நேர்மையான சிற்பி என்று ஒரு அழகான பத்தி. "மெழுகு பூசினது சிற்பி இல்ல, நீதான்" என்றாள். விண்டோ மட்டும் பிழைத்தது. ஐரோப்பாவின் வடகோடிக் கடலோடிகளின் பழைய பேச்சில் அது காற்றின் கண். அதற்கு ஆதாரம் இருந்தது. அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம். அழகாகவும் இருந்து உண்மையாகவும் இருப்பது அபூர்வம் என்று டீக்கடை வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவருக்கு எல்லா ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து போயிருக்கவேண்டும்.

"எட்டு, எய்ட். இதுக்கு என்னம்மா ஆதாரம் வேணும்? காது இருந்தா போதும்."

"காது இருக்கறதாலதான் சார் பிரச்சினையே. எய்ட்டோட சொந்தக்காரங்க ஆக்டோபஸ் வீட்டுப் பக்கம். நம்ம பக்கம் இல்ல."

"கொல்லு, கில்லு?"

"அதுவும் இல்ல சார். கட்டுமரம் போயிருக்கு, சுருட்டு போயிருக்கு. ரெண்டுக்கும் சீட்டு கைல இருக்கு. போதாதா?"

"மரத்தையும் சுருட்டையும் வெச்சுக்கிட்டு நான் என்னத்தம்மா பெருமைப்பட?" என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் அவள் அடித்ததை அவர் மறுபடி சேர்த்ததில்லை.

அவள் இல்லாமல், அன்று புத்தகம் முடிகிற நாள். மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். பக்கம் கட்டுகிறவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துபோனவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கமா. அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். கடைசிக் கட்டுப் பக்கங்களை அவன் மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் வம்பு பேசாமல் போனார்.

அவன் புரட்டினான். டபிள்யூ வரிசையில் விண்டோ வந்துவிட்டது. அதற்கு முந்தின பக்கத்தைக் காணோம். அதில் என்ன சொல் வரும் என்று அவனுக்குத் தெரியும். அவனே எழுதியது. புருஷனை இழந்தவளுக்கான சொல் மிகப் பழையது, நம் ஊர் ‘விதவை’யும் அதுவும் ஒரு வயிற்றில் பிறந்தவை; மனைவியை இழந்தவனுக்கான சொல், வெகுகாலம் கழித்து, அதற்கு ஒரு வால் ஒட்டிச் செய்தது. எழுதியபோது அதை ஒரு வேடிக்கையாகத்தான் எழுதினான். அவளும் சிரித்தாள்.

"கமா, ஒரு பக்கம் குறையுது."

"அது நான் பாத்துட்டேன்" என்றார் கமா, திரும்பாமல். "பிழை இல்ல. விடு."

அவன் விட்டான்.

முதலாளி தன் அறையிலிருந்து தானே ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் அப்படி எழுந்து வருவது வழக்கமில்லை. "இது முதல் பக்கம் தம்பி. அந்தப் பொண்ணுக்குச் சமர்ப்பணம். நானே எழுதினேன். பாரு."

தாளின் நடுவில் நல்ல பெரிய எழுத்தில் இருந்தது. சொற்களை நேசித்தவள் என்று ஆரம்பித்து, அவள் உதடுகளில் பிறந்த கடைசிச் சொல் என்று சொல்லி, அதற்குக் கீழே தனியாக:

‘அம்மாவிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்.’

"உங்க அத்தைகிட்ட போன்ல கேட்டுக்கிட்டேன். அப்படியே அழுதுட்டாங்க. போடுங்கன்னாங்க" என்றார் முதலாளி. "நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

அவன் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணில் தண்ணீர் வரவில்லை. அவனுக்கு எதற்குமே வருவதில்லை. அவன் செய்தது தொழிலில் பழகிய காரியம்: இதை முதலில் சொன்னது யார் என்று பின்னால் நடந்து பார்த்தான்.

முதலில் சொன்னது கீழ்வீட்டு அக்கா. அன்று அவன் கத்தியதைக் கேட்டு மேலே ஓடி வந்தவள். மாமியார் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கட்டிக்கொண்டு, "அம்மா அம்மான்னுதான் போனா உங்க பொண்ணு" என்றாள். அது ஆறுதலுக்குச் சொன்னது. அடுத்து, மயானத்திலிருந்து திரும்பியபோது அது ‘அம்மாகிட்ட சொல்லு’ என்று ஆகியிருந்தது. என்ன சொல்ல என்பது அதில் இல்லை. காரியத்துக்குள் அந்த இடமும் நிரம்பிவிட்டது. ஒன்றுவிட்ட சித்தி ஒருத்தி, கோபமில்லை என்று சொல்லச் சொன்னாளாமே என்று மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மாமியார் அன்றுதான் முதல் கவளம் சாப்பிட்டார். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது அச்சுக்குப் போகிறது. அச்சில் வந்துவிட்டால் அதுதான் ஆதாரம். நாளைக்கு எவனாவது தேடினால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவான்.

அவள் பார்த்த புத்தகத்தில், முதல் பக்கத்தில்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் சார். காலைல தரேன்."

"பிழை ஏதாச்சும் இருக்கா?"

"பாக்கறேன்."

முதலாளி கமாவைப் பார்த்தார். கமா திரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழ்வீட்டு அக்கா வாங்கிப் போன வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்து, கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷி. அன்று ஆம்புலன்ஸில் அவனோடு ஏறியவளும் அவள்தான். வீட்டுக்குத் திரும்பி வந்து, கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தவளும் அவள்தான்.

"என் கையப் பிடிச்சுக்கிட்டா பாருங்கம்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள், "விடவே இல்ல. அம்மாகிட்ட சொல்லுக்கா, அம்மாகிட்ட சொல்லுக்கான்னு..."

"இரு" என்றார் மாமியார். "போன வாரம் சொன்னப்ப கையப் பிடிச்சான்னு நீ சொல்லலையே."

"சொல்லலையா? சொல்லியிருப்பேனே."

"சொல்லல. எந்தக் கையப் பிடிச்சா?"

அக்கா தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அந்த அவசரத்துல எந்தக் கைன்னு யாரு பாத்தாங்க. நீங்க ஒண்ணும்மா, போலீஸ்காரி மாதிரி" என்று எழுந்துவிட்டாள்.

மாமியார் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை மருத்துவமனை மருந்தகத்தில் இருந்தவர். சீட்டில் எழுத்து புரியவில்லையென்றால் ஊகித்து மாத்திரை கொடுக்கமாட்டார். டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கூப்பிட்டுக் கேட்பார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். பெருமையாகத்தான் சொன்னாள், பேச்சுவார்த்தை இல்லாத காலத்திலும். அவளுக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பது அவனுக்கு அன்றுதான் கண்முன்னால் தெரிந்தது.

அக்கா போன பிறகு மாமியார் அவன் பக்கம் திரும்பினார். ஏதோ கேட்கப்போவதுபோல் வாய் திறந்தது. பிறகு, "காய் நறுக்கணும்" என்று உள்ளே போய்விட்டார்.

அவன் முதல் பக்கத்தை மேசையில் விரித்தான். குவளையில் அவளுடைய பென்சில் இருந்தது, பின்பக்கம் பல்லால் கடித்த தடத்தோடு. கையெழுத்துப் போடப் பேனா எடுக்கவேண்டும். பென்சில்தான் கையில் வந்தது. போட்டால் என்ன என்று யோசித்தான். இறந்தவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உள்ளே காய் நறுக்குகிறவருக்கு இதைப் பிடித்துக்கொண்டுதான் பொழுது விடிகிறது. இதைப் பிடுங்கினால் அவர் கையில் மிச்சம் என்ன இருக்கும்? ‘இனிமே நீ என் பொண்ணே இல்ல’ மட்டும் இருக்கும். அதற்கு ஆதாரம் தேடவேண்டியதில்லை. சொன்னவரே அவர்தான்.

அவன் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினான். எழுதிவிட்டு அழிக்க ரப்பரை எடுத்தான். எடுத்த ரப்பரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அதைக் குவளையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். தாள் மேசையிலேயே கிடந்தது.

காலையில் பாயைச் சுருட்டினான். பல் தேய்த்தான். பாலை ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு நின்றான்.

மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் தாள் இருந்தது. கண்ணாடி போட்டிருந்தார்.

"ஓரத்துல ‘கதை’ன்னு எழுதியிருக்கு. அவ எழுத்து மாதிரியே இருக்கு. நீங்கதான எழுதினீங்க மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

"அப்படின்னா என்ன?"

"ஆதாரம் இல்லன்னு அர்த்தம். அவ அப்படித்தான் போடுவா."

அவர் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்தார், மருந்து மடிக்கிறதுபோல.

"கீழ்வீட்டுக்காரி மேல வந்தப்ப என் பொண்ணுக்கு நினைவு இருந்துச்சா?"

"இல்ல."

"ஆம்புலன்ஸ்ல?"

"இல்ல."

"அப்ப அவ கடைசியா பேசினதக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

"ஆமா."

பாலின் மேல் ஆடை படிந்தது. அவன் அதையே பார்த்தான்.

"எனக்கு மொதல்லயே சந்தேகம்தான்" என்றார் மாமியார். "கோவம் இல்லைன்னு சொல்ற ஆளா என் பொண்ணு? இருந்துச்சு அவளுக்கு. இருக்கணும். நான் சொன்னது அப்படி. ஆனாலும் எல்லாரும் சொல்லச் சொல்ல, இருந்துட்டுப் போகட்டுமேன்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். "நீங்க மட்டும் ஒரு தடவகூட சொல்லல. அதனாலதான் உங்களக் கேக்கவே பயந்தேன்."

ஓரத்தில் நுரை சேர்ந்தது.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

ஆமாம் என்று சொல்ல அவ்வளவு நேரம் பிடிக்காது. இரண்டாவது ஆள் யாரும் இல்லை, மறுத்துப் பேச. அவன் நாக்கு வரை அது வந்தது.

"இல்ல அத்தை."

அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது.

"சரி" என்றார். "என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க. நல்லா இருக்கணும்னு கூட்டாதீங்க. எனக்கு வலிக்கும்னு குறைக்காதீங்க."

அவன் பாலிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான்.

"அவ உள்ள தலை வாரிக்கிட்டிருந்தா. முந்தின நாள்லேர்ந்து தலைவலின்னா. மாத்திரை போட்டுக்கோன்னேன். நான் இங்க, இதே எடத்துல நின்னுக்கிட்டு, விண்டோவுக்குத் திருத்தி எழுதினத சத்தமா படிச்சுக் காட்டிக்கிட்டிருந்தேன். அவ கேட்டுக்கிட்டிருந்தா. நடுவுல ஒண்ணு சொன்னா. நான் திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிடுச்சு. அணைச்சேன். தாளை ஓரமா வெச்சேன், நனையாம. அடுப்பைத் துடைச்சேன் அத்தை. மொதல்ல அடுப்பைத் துடைச்சேன். துணிய அலசிக் காயப் போட்டேன். அவ திட்டுவான்னு பர்னரக்கூடக் கழட்டித் துடைச்சேன். உள்ள சத்தமே இல்ல. கோவமா இருக்கான்னு நெனச்சேன். அதுக்கப்புறம்தான் போனேன்."

அவன் முதுகுக்குப் பின்னால் பால் எழும்பியது. அவன் திரும்பவில்லை. மாமியார் அவன் தோளைத் தாண்டிக் கையை நீட்டி அடுப்பை அணைத்தார். நீட்டிய கையை உடனே எடுக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"முன்னாடியே போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னாரு."

"அப்படித்தான். நான் பாத்திருக்கேன்" என்றார் மாமியார். பிறகு, "அவ சொன்னத இன்னும் நீங்க சொல்லல" என்றார்.

அவன் சொன்னான். அவள் குரலில் வராது, வார்த்தை மட்டும் வரும். அவள் இழுத்த இடத்தில் இழுத்து, கூட்டாமல், குறைக்காமல் சொன்னான்.

"எரும, காத்தோட கண்ண அப்புறம் பாக்கலாம், மொதல்ல பாலப் பாரு."